தாக்குதல் விளம்பரங்கள்: கெர்ரியின் மௌனமும் வார்னாக்கின் முந்துதலும்

2004 அமெரிக்க அதிபர் தேர்தலில், ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கெர்ரி வியட்நாமில் கடற்படை அதிகாரியாகப் பெற்ற போர்ப் பதக்கங்களையே ஐயத்துக்கு உள்ளாக்கிய விளம்பரங்கள் ஆகஸ்ட் தொடக்கத்தில் வெளியாயின. அவருடைய கட்சி மாநாடு முன்னதாகவே முடிந்துவிட்டதால், மாநாட்டுக்குப் பின் பிரசாரத்துக்கென அரசு தரும் நிதியை எதிராளி ஜார்ஜ் புஷ்ஷைவிடக் கூடுதல் வாரங்களுக்கு நீட்டிக்க வேண்டிய நெருக்கடியில் இருந்த அவர், ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கழித்து, பாஸ்டனில் தீயணைப்பு வீரர்கள் முன்னிலையில்தான் நேரடியாக மறுத்தார். அதற்குள் செய்தித் தொலைக்காட்சிகள் அந்தக் குற்றச்சாட்டை நாடெங்கும் பரப்பிவிட்டன.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் செனட் (நாடாளுமன்ற மேலவை) இடத்துக்கான மறுசுற்றுத் தேர்தலில் போட்டியிட்ட ரஃபேல் வார்னாக் இதற்கு நேரெதிரான வழியில் சென்றார். 2020 நவம்பரில், அவதூறுகள் வரப்போகின்றன என்று தாமே முந்திக்கொண்டு எச்சரித்தவர், பின்னொரு விளம்பரத்தில் பீகிள் நாயுடன் நடந்து, அதன் கழிவுப் பையைக் குப்பைத்தொட்டியில் போட்டு, எதிர்த்தரப்பு விளம்பரங்களின் தரம் இதுதான் என்று உணர்த்தினார். 2021 ஜனவரியில் சுமார் 2 சதவீத வித்தியாசத்தில் வென்றார். அந்த வெற்றிக்கு விளம்பரம் மட்டுமே காரணமென்று சொல்வதற்கில்லை.

வார்னாக்கின் வழியே மேல் என்பது என் துணிபு. ஆயினும், குறிப்பிட்ட பொய்யொன்று சுமத்தப்படும்போது புன்னகை போதாது. தமக்குச் சாதகமான கடற்படை ஆவணங்களை முதல் நாளிலேயே கெர்ரி உரக்க முன்வைத்திருக்க வேண்டும்.