டிக்கி எழுத்துகளை எடுத்த பின் மூன்று கோடைகள்

எங்கள் சிவப்பு நிற டீசல் காரின் டிக்கிக் கதவில் இருந்த மாடல் பெயரையும், அதன் ரகத்தையும் எஞ்சினையும் குறிக்கும் சிறு எழுத்துகளையும் வீட்டு வாசலிலேயே அகற்றி மூன்று கோடைகள் கடந்துவிட்டன. அகற்றும் வேலை பலரும் அஞ்சுகிற அளவுக்குக் கடினமானதில்லை. ஆனால் எழுத்துகள் போன பிறகு பெயிண்டில் தெரியும் நிழல், பலரும் எதிர்பார்ப்பதைவிடப் பிடிவாதமானது. பழைய காரில் இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்கள் அந்த நிழலோடு வாழச் சம்மதமா என்று முதலில் தம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

அழகுக்காகத்தான் பெரும்பாலோர் இதைச் செய்கிறார்கள். எனக்குக் காரணம் தண்ணீர். மதுரையில் திருநகர்ப் பக்கம் எங்கள் தெருவில் கார் கழுவக் கிடைப்பது ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர்தான். கதவின் மற்ற பகுதிகளில் அதை உடனே துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். எழுத்துகளின் இடுக்குகளில் துணி நுழையாது. அங்கே நின்ற நீர் காய்ந்து வெண்படிவமாகி, அதன்மேல் புழுதி ஏறி, கழுவிய காரே கழுவாதது போலத் தோன்றும். பிளாஸ்டிக்கின் மேல் பூசப்பட்ட குரோமும் சில எழுத்துகளில் உரியத் தொடங்கியிருந்தது. புதிய எழுத்துகளை (கடைகளில் ‘மோனோகிராம்’ என்பார்கள்) வாங்கி ஒட்டுவதைவிட இருப்பதை எடுத்துவிடுவதே மேல் என்று தோன்றியது.

இந்த எழுத்துகள் பெரும்பாலும் இருபுறமும் பசையுள்ள மெல்லிய அக்ரிலிக் நுரை நாடாவால்தான் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் சில கார்களில், குறிப்பாக நிறுவனச் சின்னத்தின் பின்னால், தகட்டுத் துளைக்குள் செல்லும் சிறு முளைகளும் இருக்கும். அதை எடுத்துவிட்டால் ஓட்டை தெரியும், மழைநீரும் இறங்கும். டிக்கிக் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றிப் பார்த்தால் முளை இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். எங்கள் காரில் எழுத்துகளுக்கு முளை இல்லை, நடுவிலிருந்த சின்னத்துக்கு இருந்தது. எனவே சின்னத்தைத் தொடவில்லை.

இந்த நுரைப் பசைக்கு ஒரு குணம் உண்டு. வெடுக்கென்று இழுத்தால் இறுகிக்கொள்ளும். நிதானமாகவும் சீராகவும் இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும். சூடு பட்டால் இன்னும் எளிதாக நெகிழும். ஆகவே இங்கே வலிமைக்கு வேலை இல்லை. முடி உலர்த்தும் சாதனத்தால் எழுத்தைச் சுற்றிச் சூடேற்றி, தூண்டிலுக்குப் பயன்படும் நைலான் நரம்பை எழுத்துக்கும் தகட்டுக்கும் நடுவே விட்டு, இரு கையாலும் ரம்பம் அறுப்பது போல முன்னும் பின்னும் இழுத்தால், நுரை நடுவில் அறுபட்டு எழுத்து கையோடு வந்துவிடும். நரம்பு தகட்டை உரசாமல் எழுத்தின் பக்கமே சாய்ந்திருக்கும்படி பிடிக்க வேண்டும். ஸ்குரூடிரைவரையோ கத்தியையோ கொண்டு நெம்பினால் பெயிண்டில் விழும் கீறல், எழுத்து இருந்ததைவிட அசிங்கமாகத் தெரியும். எழுத்தைச் சுற்றி முன்கூட்டியே கழுவாவிட்டால், இடுக்கில் உள்ள மண்ணே உப்புத்தாள் போலத் தகட்டைத் தேய்த்துவிடும்.

நம் ஊரில் சூட்டுக்குப் பஞ்சமில்லை. சித்திரைத் திருவிழா முடிந்த வாரத்தில், காலை வெயில் தகட்டை இளஞ்சூடாக்கிய நேரத்தில் தொடங்கியதால், உலர்த்தும் சாதனத்துக்கு அதிக வேலை இருக்கவில்லை. ஆனால் கத்திரி வெயிலின் நண்பகலில், கை வைக்க முடியாத தகட்டில் இதைச் செய்யக் கூடாது. எழுத்து எளிதாக வரும் என்றாலும், அதன் பிறகு தேய்க்கும் திரவங்களும் பாலிஷும் துடைப்பதற்குள் காய்ந்து கறையாகிவிடும். எழுத்துகளை எடுக்க வெயில் வேண்டும், எஞ்சிய பசையை எடுக்க நிழல் வேண்டும். காரை நகர்த்திக்கொள்ளத்தான் வேண்டும்.

பசையை எடுப்பதில்தான் பொழுதெல்லாம் போகும். தகட்டில் எஞ்சும் நுரையைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுப்பதே பாதுகாப்பான வழி; விரல் நோகும் என்பது வேறு. கடைசியில் மிஞ்சும் பிசுபிசுப்புக்கு டர்பன்டைனைவிட எனக்கு நன்றாக உதவியது நீலகிரித் தைலம். துணியில் நனைத்துச் சிறிது நேரம் பசையின் மேல் வைத்திருந்தால் அது இளகிவிடும்; தெருவே மணக்கும். பிறகு ஷாம்பு போட்டுக் கழுவித் தைலத்தின் எண்ணெய்ப் பசையை முழுவதும் நீக்க வேண்டும். தின்னரை மட்டும் அருகில் கொண்டுவர வேண்டாம். தொழிற்சாலையில் உயர்ந்த சூட்டில் பதப்படுத்திய பெயிண்ட் ஓரளவு தாங்கினாலும், டிங்கரிங் முடிந்து பட்டறையில் மறுபடி அடித்த பெயிண்ட் தின்னரில் இளகிவிடும். அப்படி அடித்த கதவாக இருந்தால் எழுத்தை இழுக்கும்போதே பெயிண்ட் தோலாக உரியும் ஆபத்தும் உண்டு. பழைய கார் வாங்கியவர்கள் தங்கள் கதவின் பூர்வீகத்தை விசாரித்துவிட்டு இறங்குவது நல்லது.

இனி அந்த நிழல். எழுத்தின் அடியில் இருந்த பெயிண்ட் பல ஆண்டுகளாக வெயிலையே காணாதது. சுற்றியுள்ள பெயிண்டோ புற ஊதாக் கதிரில் வெளுத்தது. எழுத்தை எடுத்ததும் அடர் சிவப்பில் அதே பெயர் பளிச்சென்று தெரிந்தது. இந்த வேறுபாட்டில் ஒரு பகுதி மேற்பரப்பு மங்கியதால் வருவது. ரப்பிங் காம்பவுண்டும் பாலிஷும் இட்டுச் சுற்றுப் பகுதியைத் தேய்த்தால் அது குறையும். இன்னொரு பகுதி நிறமியே வெளுத்ததால் வருவது; அதைப் பாலிஷால் திருப்ப முடியாது. சிவப்பில் இது அதிகம், வெள்ளையிலும் வெள்ளி நிறத்திலும் குறைவு. தேய்ப்பதற்கும் வரம்பு உண்டு. மேலே உள்ள நிறமற்ற பூச்சின் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான்தான். அதற்குள்தான் வெயிலைத் தடுக்கும் வேதிப்பொருளும் இருக்கிறது. நிழலை அழிக்கும் வெறியில் அதைத் தேய்த்துத் தீர்த்துவிட்டால், சில ஆண்டுகளில் அந்த இடம் மட்டும் வெளிறிப் போகும். தேய்க்கும் துணியில் காரின் நிறமே ஏறினால், அந்தப் பூச்சே இல்லாத பெயிண்ட் என்று பொருள். அங்கே இன்னும் நிதானம் வேண்டும்.

முதல் கோடையில் நேர்ப்பார்வைக்கே படித்துவிடக்கூடிய நிலையில் இருந்த நிழல், இரண்டாவது கோடையில் சாய்வெயிலில் மட்டும் தெரிந்தது. புதிதாக வெளிப்பட்ட பகுதியும் இப்போது மற்ற இடங்களைப் போலவே வெளுத்துக்கொண்டிருப்பதுதான் காரணம். இப்போதும், கார் ஈரமாக இருக்கும்போது இடம் தெரிந்தவர் உற்றுப் பார்த்தால் முதல் எழுத்தைக் கண்டுபிடிப்பார். எனக்கு அது உறுத்தவில்லை. என் துணைவியாருக்கு உறுத்துகிறது. கழுவும் வேலையோ நான் எதிர்பார்த்த அளவுக்கு எளிதாகிவிட்டது. ஒரே இழுப்பில் துணி கதவைக் கடந்துவிடுகிறது. உப்புப் படிவம் தங்க இடமில்லை.

எழுத்து இல்லாததன் உண்மையான சங்கடம் பெட்ரோல் பங்கில்தான் வருகிறது. டீசல் எஞ்சினைக் குறிக்கும் டிடிஐஎஸ், சிஆர்டிஐ, டிடிஐ போன்ற எழுத்துகளைப் பார்த்தே ஊழியர்கள் குழாயைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அவை இல்லாத காரில், “அண்ணே, பெட்ரோலா டீசலா?” என்று கேட்பவர் நல்லவர்; கேட்காதவரிடம் நாமே இறங்கிப்போய்ச் சொல்ல வேண்டும். டீசல் காரில் பெட்ரோல் போய்விட்டால், டீசலின் வழவழப்பையே நம்பியிருக்கும் உயர் அழுத்தப் பம்பு உலர்ந்து தேய்ந்துவிடும். ஆகவே எரிபொருள் மூடியில் ‘டீசல் மட்டும்’ என்று இருக்கும் ஒட்டியை யாரும் எடுக்க வேண்டாம். என் காரில் மங்கியிருந்ததை மாற்றிப் பெரிதாகவே ஒட்டிவைத்தேன்.

காவலர் சோதனையில் யாரும் இதைப் பற்றிக் கேட்டதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைத்தான் தடுக்கிறது. டிக்கி எழுத்து போனதால் எஞ்சின் எண்ணோ, சேஸிஸ் எண்ணோ, நிறமோ, எரிபொருளோ மாறிவிடுவதில்லை. ஆனால் உயர் பாதுகாப்பு எண் பலகையும், முன்கண்ணாடியில் உள்ள அதன் ஒட்டியும் அலங்காரம் அல்ல; அவற்றில் கை வைக்கக் கூடாது.

விற்பனை விலை பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பழைய கார் தரகர் ஒருவர் எங்கள் காரைப் பார்த்ததும், பின்னால் அடிபட்டுக் கதவு மாற்றியதா என்றுதான் முதலில் கேட்டார். பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, பழைய பெயிண்டேதான் என்று ஒப்புக்கொண்டார். இப்படிச் சந்தேகம் வரலாம் என்று நினைத்து, எழுத்துகளை எடுப்பதற்கு முன்பே கதவில் ஒரு தாளை ஒட்டி எழுத்துகளின் இடத்தைப் பென்சிலால் பதித்து வைத்திருந்தேன். அந்தத் தாளும், பசை நீக்கிய எழுத்துகளும் ஒரே உறையில் இருக்கின்றன. வாங்குபவருக்குப் பெயர் வேண்டுமென்றால், புதிய நுரை நாடாவை வெட்டி அதே இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.