ஐகானா, வட்டமா, நேரப்பட்டையா? ஸ்க்ரம் மீட்டிங்குகளை ஸ்லைடில் காட்டும் வழிகள்

ஸ்க்ரம் என்பது டீம் தன் வேலையை ஸ்பிரிண்ட் எனப்படும் குறுகிய சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் முறை. அதன் மீட்டிங்குகளைப் புதியவர்களுக்கு விளக்கும் ஸ்லைடு என்றால் பெரும்பாலும் ஒரே அச்சுதான். ஸ்பிரிண்டைத் திட்டமிடும் பிளானிங்குக்குக் காலண்டர், தினமும் கூடும் டெய்லிக்குக் கடிகாரம், ரிவ்யூவுக்குப் பூதக்கண்ணாடி, ரெட்ரோவுக்கு (ரெட்ரோஸ்பெக்டிவ்) பின்னோக்கித் திரும்பும் அம்பு. பார்க்க லட்சணமாக இருக்கும். அடியில் உள்ள பெயர்களை மறைத்துவிட்டு எது எது என்று கேட்டுப் பாருங்கள், ரிவ்யூவும் ரெட்ரோவும் சுலபமாக இடம் மாறிவிடும்.

மாறத்தான் செய்யும், இரண்டுமே முடிந்ததைத் திரும்பிப் பார்ப்பவை. ரிவ்யூவில் ஸ்டேக்ஹோல்டர்களும், அதாவது அந்தப் பொருளில் அக்கறை உள்ள டீமுக்கு வெளியே இருப்பவர்களும், உட்கார்ந்து, உருவான பொருளைப் பார்க்கிறார்கள். ரெட்ரோவில் டீம் தன் வேலைமுறையையே பார்க்கிறது. யார் இருக்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்ற இந்த வித்தியாசத்தைப் பூதக்கண்ணாடி எப்படிச் சொல்லும்? ஐகான்தான் வேண்டும் என்றால், ரிவ்யூவுக்கு நடுவில் ஒரு திரையும் அதன் இருபுறமும் ஆட்களும், ரெட்ரோவுக்குத் திரையே இல்லாமல் வட்டமாக உட்கார்ந்த டீமும் வரையலாம். கொஞ்சம் நெரிசலாகும், ஆனால் பொருள் நிற்கும்.

ஐகானில் இன்னொரு தொல்லை, அது பழைய விதியைச் சுமந்துகொண்டே திரியும். டெய்லி ஸ்க்ரமுக்கு மூன்று பேச்சுக்குமிழிகள் போடும் பழக்கம், 'நேற்று என்ன, இன்று என்ன, என்ன தடை' என்ற மூன்று கேள்விகளின் மிச்சம். ஸ்க்ரமின் விதிகளைச் சொல்லும் கையேடான ஸ்க்ரம் கைட்டின் 2020 பதிப்பில் அந்தக் கேள்விகள் இல்லை. ஸ்லைடில் மட்டும் குமிழிகள் அப்படியே இருக்கின்றன.

வட்டப்படம் வரிசையை நன்றாகக் காட்டும். ஒரு ஸ்பிரிண்ட் முடிந்த கையோடு அடுத்தது தொடங்குகிறது என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. ஆனால் நான்கு மீட்டிங்கையும் சம இடைவெளியில் வைத்தால், டெய்லியும் ஒரே ஒரு முறை நடப்பதுபோல் தெரியும். ஸ்பிரிண்டைக் காட்டும் பெரிய வட்டத்தின் மேல் டெய்லிக்கு ஒரு சின்ன வட்டம் வைக்கும் பழைய படம் இந்த விஷயத்தில் புத்திசாலித்தனமானது.

என் ஓட்டு, ஒவ்வொரு மீட்டிங்கும் பிடிக்கும் நேரத்தை நீளத்தால் காட்டும் நேரப்பட்டைக்கு. ஒரு மாத ஸ்பிரிண்டுக்கு கைட் தரும் உச்சவரம்பு: பிளானிங் 8 மணி நேரம், ரிவ்யூ 4, ரெட்ரோ 3. டெய்லி எப்போதும் 15 நிமிடம். இரண்டு வார ஸ்பிரிண்டுக்கு முதல் மூன்றையும் பாதியாக்கினால் 4, 2, 1.5. பத்து நாளும் டெய்லி நடந்தால் 2.5. ஆக மொத்தம் 10 மணி நேரம். நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 80-இல் எட்டில் ஒரு பங்கு, அதுவும் உச்சமாக. அளவுக்கேற்ப வரைந்த பட்டையில் இதைப் பார்த்தவர், "எப்பவும் மீட்டிங்தானா?" என்று கேட்பதற்கு முன் கொஞ்சம் யோசிப்பார். சரி, நிஜத்தில் அதைவிட அதிகமாகப் போகிறது என்றால் எந்த மீட்டிங் வரம்பைத் தாண்டுகிறது என்பதையும் அதே பட்டை காட்டிக் கொடுத்துவிடும்.

அதனால் முதல் நாளில் வட்டம் ஒன்று, பட்டை ஒன்று போதும். ஐகான்களை அப்புறம் கொண்டு வரலாம். எல்லாரும் பழகிய பின் ஸ்லைடு மூலையில் அடையாளமாக வைக்க அவைதான் சரி.

பேக்லாக் ரிஃபைன்மென்ட், அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலைத் தெளிவாக்குவதுதான் எதிலும் அடங்காது. கைட்டின்படி அது தனி மீட்டிங் இல்லை, தொடர்ந்து நடக்கும் வேலை. அதற்கு ஐகான் கொடுத்தால் ஐந்தாவது மீட்டிங் ஆகிவிடும். நான் பட்டைக்கு அடியில் நீளவாக்கில் ஒரு வெளிர் நிறம் பூசி விட்டுவிடுகிறேன்.