பள்ளிக் கணினிகளுக்கு டிஎன்எஸ் வடிகட்டியா, குரோம் பாலிசியா?

பள்ளியின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மாணவர்கள் திறக்கக்கூடாத தளங்களைத் தடுக்க, ஒரு வருடம் டிஎன்எஸ் வடிகட்டியை (தளத்தின் பெயரைத் தேடும்போதே நெட்வொர்க் அளவில் தடுப்பது) வைத்து ஓட்டிவிட்டு, போன பருவத்தில் எல்லாவற்றையும் குரோம் பாலிசிக்கு (குரோம் பிரவுசருக்கே நிர்வாகி வைக்கும் விதிகள்) மாற்றினேன். இனி பழையதற்குத் திரும்ப மாட்டேன்.

டிஎன்எஸ்ஸை அமைப்பது சுலபம். ரவுட்டரில் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் 1.1.1.3 என்ற டிஎன்எஸ் முகவரியைப் போட்டாலே ஆபாசத் தளங்களும் வைரஸ் பரப்பும் தளங்களும் பெரும்பாலும் நின்றுவிடும், காசும் கிடையாது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துவிட்டால் அது பயன்படாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

என்னை மாற வைத்தது பராமரிப்பு. விளையாட்டுத் தளங்களையும் தடுக்க வேண்டியிருந்ததால், சொந்தப் பட்டியல் வைக்கக்கூடிய டிஎன்எஸ் சேவைக்குப் போனேன். அங்கே தொடங்கியது தலைவலி. அறிவியல் ஆசிரியர் ஒரு பக்கத்தைத் திறப்பார், எழுத்து வரும், படம் வராது, ஏனென்றால் படம் வேறொரு டொமைனிலிருந்து, அதாவது வேறொரு தளப் பெயரிலிருந்து, வருகிறது, அது தடுப்புப் பட்டியலில் மாட்டியிருக்கும். எந்த டொமைன் என்று தேடிப்பிடித்துத் திறந்துவிட்டாலும், பழைய பதில் கணினியின் நினைவில் இருப்பதால் உடனே சரியாகாது. அதற்குள் பாதி வகுப்பு போய்விடும். அதுவும் எட்டாம் வகுப்புக்காகத் திறந்தது ஆறாம் வகுப்புக்கும் திறந்துவிடும், எல்லாம் ஒரே நெட்வொர்க் என்பதால்.

குரோம் பாலிசி தளத்தின் பெயரை மட்டுமல்ல, முழு முகவரியையும் பார்க்கிறது. ஒரு தளத்தைத் தடுத்துவிட்டு அதில் ஒரு பகுதியை மட்டும் அனுமதிக்கலாம். பக்கத்துக்குள் வரும் படங்கள் எங்கிருந்து வந்தாலும் அது கண்டுகொள்ளாது, அதனால் பாதிப் பக்கம் வரும் தொல்லையே இல்லை. வகுப்புவாரியாகத் தனித்தனிப் பட்டியல், மறைநிலைக்கு (இன்காக்னிட்டோ) தடை, கூகுள் தேடலில் ஆபாச முடிவுகளை வடிகட்டும் சேஃப்சர்ச் எல்லாம் அதிலேயே வைக்கலாம், மடிக்கணினி வீட்டுக்குப் போனாலும் கூடவே போகும். மாற்றம் வந்து சேரக் கொஞ்சம் தாமதமானால் குரோமின் பாலிசி பக்கத்தில் ரீலோட் அழுத்தினால் போதும். தடுப்புப் பட்டியலில் 1,000 வரிகள்தான் என்பது குறைதான், ஆனால் எனக்கு அதில் கால்வாசிகூடத் தேவைப்படவில்லை. வேறு பிரவுசர்களை நிறுவ முடியாதபடி செய்ய மறந்துவிடாதீர்கள், இல்லாவிட்டால் இத்தனையும் வீண்.

சரி, அனுமதித்த பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் பையனை என்ன செய்வது? அதற்கு எந்தப் பட்டியலும் உதவாது. கணினி ஆய்வகத்தில் வேயான் என்ற வகுப்பறைக் கண்காணிப்பு மென்பொருளைப் போட்டிருக்கிறோம், இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், ஆசிரியர் எல்லாத் திரைகளையும் ஒன்றாகப் பார்க்கலாம், தேவைப்பட்டால் பூட்டலாம். திரை பார்க்கப்படுகிறது என்பதை மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், மறைத்துச் செய்தால் அவர்களுக்கு நம் மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும்.

சின்ன வகுப்புகளில் என் அனுபவம் இரண்டே மாதம். அங்கே எல்லாவற்றையும் தடுத்துவிட்டு ஆசிரியர் கேட்ட பன்னிரண்டு தளங்களை மட்டும் திறந்து வைத்திருக்கிறேன், இதுவரை புகார் வரவில்லை.