சுஷி பேக்: எந்த அரிசி, எந்த மேல்கலவை, எந்த நோரி?

வீட்டுக்கு ஏழெட்டுப் பேர் வருகிறார்கள், அவர்களுக்கு சுஷி, அதாவது வினிகர் கலந்த சாதத்தில் செய்யும் ஜப்பானிய உணவு, செய்து கொடுக்க ஆசை. வழிகள் மூன்று. மூங்கில் பாயில் வைத்து உருட்டி வெட்டும் மாகி ஒன்று. சாதம், மீன், வெள்ளரி எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்துவிட்டு அவரவர் நோரியில், அதாவது கடற்பாசித் தாளில், சுற்றிக்கொள்ளும் தேமாகி இன்னொன்று. மூன்றாவது, சாதத்தை ட்ரேயில் பரப்பி, மேலே நண்டுச் சுவைக் கலவையைப் பூசி, ஓவனில் வைத்து எடுத்து, கரண்டியால் அள்ளி நோரியில் வைத்துச் சாப்பிடும் சுஷி பேக்.

நான் மூன்றாவதன் பக்கம். சோம்பேறிகளின் சுஷி என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மாகி உருட்டப் பழக்கம் வேண்டும். எட்டுப் பேருக்கு உருட்டி முடிப்பதற்குள் முதலில் உருட்டியவற்றின் நோரி சாதத்தின் ஈரத்தை உறிஞ்சி ரப்பர் போல ஆகிவிடும். தேமாகிக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அதன் அழகே பச்சை மீனில்தான் இருக்கிறது, அங்கேதான் வீட்டுச் சமையலறை தடுமாறும். பச்சையாகச் சாப்பிடும் மீனில் ஒட்டுண்ணிகளைக் கொல்ல, அதை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல். வீட்டு ஃப்ரீசர்கள் பெரும்பாலும் மைனஸ் 18-ஐ ஒட்டியே நிற்கும், கதவைத் திறந்து மூடினால் அதுவும் ஏறும். நம்பகமான மீன் கடை இருந்தால் தேமாகி அருமையான விருந்து. இல்லையென்றால் ட்ரேதான் நிம்மதி, ஏனென்றால் அதில் பச்சையாக எதுவும் இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

இந்த உணவு டோக்கியோவின் சுஷிக் கடைகளில் பிறந்ததல்ல. ஹவாயில், ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் விருந்துகளில் வளர்ந்தது. 2020 ஊரடங்கின்போது பிலிப்பைன்ஸில் பெரும் அலையாகப் பரவியது. வீட்டிலிருந்தே சமைத்து விற்றவர்கள் அலுமினிய ட்ரேக்களில் அடைத்து மணிலா முழுக்க அனுப்பினார்கள். இரண்டுக்கும் சின்ன வித்தியாசம் உண்டு. ஹவாய்ச் செய்முறைகளில் புளிப்பு க்ரீமும் ஷீதாகே காளானும் அடிக்கடி வரும். மணிலா ட்ரேயில் க்ரீம் சீஸ் தூக்கலாக இருக்கும், மேலே மாம்பழத் துண்டுகளும் விழும். அங்கே கிராப் ஸ்டிக் வைத்து உருட்டும் கலிஃபோர்னியா மாகியிலேயே மாம்பழம் வைப்பது வழக்கம், அதனால் ட்ரேக்கும் அது வந்துவிட்டது. சூடான, உப்பும் கொழுப்பும் நிறைந்த கலவைக்கு நடுவே குளிர்ந்த மாம்பழம் வரும்போது வாய் தெளிந்துவிடுகிறது. மாம்பழப் பருவத்தில் செய்கிறவர்கள் இதை விட்டுவிடாதீர்கள்.

சரி, அரிசிக்கு வருவோம். ட்ரே நன்றாக வருவதும் சொதப்புவதும் முக்கால்வாசி இங்கேதான் முடிவாகிறது.

போட்டியில் இருப்பவை கொஷிஹிகாரி போன்ற ஜப்பானியக் குட்டை அரிசியும், கலிஃபோர்னியாவின் கால்ரோஸும். கால்ரோஸ் 1948-இல் அங்கே வெளியிடப்பட்ட நடுத்தர நீள அரிசி. மாகிக்கும், பிடித்த சாதத்தின் மேல் மீன் வைக்கும் நிகிரிக்கும் கொஷிஹிகாரிதான் மேல். அந்தப் பளபளப்பும், ஒவ்வொரு மணியும் தனித்துத் தெரிந்தபடியே ஒட்டிக்கொள்ளும் குணமும் கால்ரோஸில் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் ட்ரேயில் மயோனைஸும், சாதத்தில் தூவும் ஜப்பானியப் பொடியான ஃபுரிகாகேவும் மேலே ஏறிய பிறகு அந்த நுட்பம் நாக்குக்கு எட்டாது. விலை அதிகமான அரிசியை இங்கே வீணாக்க வேண்டாம், கால்ரோஸ் போதும்.

நம்மிடம் இருக்கும் அரிசியில் செய்ய முடியாதா என்று கேட்டால், முடியாது என்றுதான் சொல்வேன். சீரகச் சம்பா பார்க்கக் குட்டையாக இருக்கிறது, அதனால் ஒத்துவரும் என்று தோன்றும். நீளத்தில் ஒன்றுமில்லை, மாவுச்சத்தின் அமைப்பில்தான் விஷயம். அமைலோஸ் கூடுதலாக உள்ள அரிசி உதிரி உதிரியாக வேகும். அது குறைந்து அமைலோபெக்டின் கூடினால் ஒட்டும். பிரியாணிக்கு நாம் கொண்டாடும் உதிரித் தன்மைதான் இங்கே எதிரி. கரண்டியால் எடுத்து நோரியில் வைக்கும்போது சாதம் மொத்தமாக வர வேண்டும், சிந்தக் கூடாது. சம்பாவின் மணமும் வினிகரோடு சேராது. மறுபக்கம், ஒட்டட்டும் என்று ஒட்டரிசியை வாங்கினால் எல்லாம் ஒரே பசையாகிவிடும், அதுவும் வேண்டாம்.

20 செ.மீ. சதுர ட்ரேக்கு 300 கிராம் அரிசி சரியாக இருக்கும், நாலு பேர் சாப்பிடலாம். எட்டுப் பேர் என்றால் இரண்டு ட்ரே. தண்ணீர் தெளியும் வரை கழுவி, அரை மணி நேரம் ஊற வைத்து, அரிசியின் அளவுக்குச் சமமாக அல்லது ஒரு பிடி கூடுதலாகத் தண்ணீர் வைத்து வேக வையுங்கள். அரிசி வினிகர் 4 மேசைக்கரண்டி, சர்க்கரை 2 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி. மூன்றையும் கரைத்து, சாதம் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே ஊற்றி, அகப்பையால் வெட்டுவது போலக் கிளற வேண்டும். ஆறிய சாதத்தில் ஊற்றினால் வினிகர் உள்ளே போகாமல் அடியில் தேங்கும். அரிசி வினிகருக்குப் பதில் மளிகைக் கடையின் வெள்ளைச் செயற்கை வினிகரை ஊற்றினால் காரமான நெடி மூக்கில் ஏறும். வேறு வழியே இல்லையென்றால் அதைப் பாதியாகக் குறைத்துத் தண்ணீர் சேருங்கள்.

அடுத்து மேல்கலவை. கிராப் ஸ்டிக், சால்மன், டின் டூனா, இறால் என்று பலரும் பலதைச் சொல்வார்கள். என் தேர்வு கிராப் ஸ்டிக். மலிவு என்பதற்காக அல்ல. அது நண்டே இல்லை, பெரும்பாலும் அலாஸ்கா பொல்லாக் போன்ற வெள்ளை மீனை அரைத்துச் செய்த சுரிமி. ஜப்பானில் 1970களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. அது ஏற்கெனவே வெந்தது, அதனால் ஓவனில் நீர் விடுவது குறைவு. கையால் பிய்த்தால் நாராக வரும், அந்த நார்களுக்கு நடுவே மயோனைஸ் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். லேசான இனிப்பு இருப்பதால் காரச் சாஸும் பொருந்தும். கத்தியால் நறுக்க வேண்டாம், பிய்த்தால்தான் அந்தப் பிடிப்பு. ஓர் எச்சரிக்கை: பல வகைகளில் நண்டுச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ப்பார்கள். நண்டு, இறால், முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் பாக்கெட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சால்மன் இரண்டாம் இடம். மீன் ருசி வேண்டும் என்கிறவர்களுக்கு இதுதான் முதல் இடமாகக்கூடத் தோன்றலாம். சால்மனைப் பச்சையாகச் சுஷியில் வைப்பதே ஜப்பானுக்குப் புதிது. 1980களில் நார்வே எடுத்த விற்பனை முயற்சிக்குப் பிறகுதான் அது பரவலானது. ட்ரேக்கு அதை முதலில் தனியாக வேக வைத்து, உதிர்த்து, நீரை ஒட்ட எடுத்துவிட வேண்டும். பச்சைத் துண்டுகளைக் கலந்து நேரே ஓவனில் வைத்தால் மீனின் நீரெல்லாம் சாதத்தில் இறங்கும், மேலே சிவப்பதற்குள் மீன் வறண்டும் போகும். இறாலுக்கும் இதே கதைதான். டின் டூனா அவசரத்துக்கு ஆகும், ஆனால் எண்ணெயை நன்றாகப் பிழிந்தாலும் சாண்ட்விச் ஞாபகம்தான் வரும்.

சைவம் என்றால் கிங் ஆய்ஸ்டர் காளானை நாராகக் கிழித்து, எண்ணெயில்லாமல் சட்டியில் நீர் வற்றும் வரை வதக்குங்கள். டோஃபுவைவிட இது எவ்வளவோ மேல். ஃபுரிகாகேயில் பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவல் இருக்கும், எள்ளும் நோரித் தூளும் மட்டும் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

கலவையைச் சேர்த்துப் பிடிப்பது மயோனைஸ். 1925 முதல் ஜப்பானில் விற்கப்படும் க்யூப்பியில் முழு முட்டை கிடையாது, மஞ்சள் கரு மட்டும்தான். அதனால் நிறமும் செறிவும் கூடுதல், ஓவனில் அழகாகச் சிவக்கும். மற்ற மயோனைஸிலும் செய்யலாம், கொஞ்சம் தட்டையாக இருக்கும். முட்டையில்லா மயோனைஸில் அந்தச் சிவப்பு வராது. க்ரீம் சீஸ் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் நான் நடுவில் நிற்கிறேன். 250 கிராம் கிராப் ஸ்டிக்குக்கு 80 கிராம் மயோனைஸ், 50 கிராம் க்ரீம் சீஸ். இதைத் தாண்டினால் மூன்றாவது வாயிலேயே திகட்டும். ஸ்ரீராச்சா என்ற மிளகாய் சாஸ் ஒன்றரைத் தேக்கரண்டி. சோயா சாஸைக் கலவையில் ஊற்றாதீர்கள், இளகிவிடும்.

சாதத்தை இரண்டு செ.மீ.க்கு மேல் போகாமல் பரப்பி, லேசாக மட்டும் அழுத்தி, ஃபுரிகாகே தூவி, அதன்மேல் கலவையைச் சாதத்தின் பாதி உயரத்துக்குப் பூச வேண்டும். 200 டிகிரியில் 15 நிமிடம் போதும். கடைசி இரண்டு மூன்று நிமிடம் மேல் கம்பியை மட்டும் எரியவிட்டால் அங்கங்கே பழுப்புப் புள்ளி விழும். நேரம் நீண்டால் மயோனைஸ் பிரிந்து எண்ணெய் சாதத்தில் இறங்கிவிடும். கண்ணாடிப் பாத்திரம் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் மேல் கம்பியின் நேரடிச் சூட்டுக்கு அது ஏற்றதல்ல, உடையலாம். மேலே சிவக்க வேண்டுமென்றால் உலோக ட்ரே. ஏர் ஃப்ரையரில் மேற்புறம் சீக்கிரம் கருகிவிடும், 170 டிகிரிக்குக் குறைத்து வைத்தால் சின்ன அளவுக்கு ஒத்துவரும். மீன் முட்டையும் வெள்ளரியும் மாம்பழமும் வெளியே எடுத்த பிறகுதான் மேலே வர வேண்டும்.

நோரியில், எதுவும் தடவாமல் வறுத்த ஜப்பானிய யாகி நோரியா, கொரியர்களின் நோரியான கிம்மா? மாகிக்கு யாகி நோரிதான், தடிமனும் வலுவும் அதற்கு உண்டு. ட்ரேக்கு நான் கொரியப் பக்கம் சாய்கிறேன். எள்ளெண்ணெயும் உப்பும் தடவி வறுத்த மெல்லிய தாள், சின்னப் பாக்கெட்டுகளில் வெட்டியே வரும், கடித்தால் நொறுங்கும். அதில் உப்பு இருப்பதால் ஃபுரிகாகேவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். எந்த நோரியாக இருந்தாலும் பாக்கெட்டைச் சாப்பிடும்போதுதான் பிரிக்க வேண்டும். ட்ரேக்குள் அடுக்காகப் போட்டுப் பேக் செய்கிறவர்கள் உண்டு. அது மெல்ல முடியாத தோலாகிவிடும், தயவுசெய்து வேண்டாம்.

மிச்சம் வைப்பதிலும் ட்ரே மாகியை முந்துகிறது. ஃப்ரிட்ஜில் வைத்த சாதம் எப்படியும் விறைக்கும். மாகியைச் சூடாக்க வழியில்லை, உள்ளே வெள்ளரி இருக்கிறது, வெளியே நோரி இருக்கிறது. ட்ரேயில் மிஞ்சியதன் மேலிருந்து வெள்ளரியையும் மாம்பழத்தையும் எடுத்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி, ஆவி பறக்கும் வரை சூடாக்கினால் சாதம் மறுபடி இளகிவிடும். புதிய நோரிப் பாக்கெட் ஒன்றை அப்போது பிரித்துக்கொள்ளலாம்.