பினாங்கில் பழைய சுங்கான்கள்: ஒரு கடையின் விலையும் தரமும்

ஜார்ஜ் டவுனில், லெபோ பந்தாயிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில், பழைய கைக்கடிகாரங்களும் பேனாக்களும், புகையிலை இட்டுப் புகைக்கும் பைப்புகளான சுங்கான்களும் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. கடந்த ஆறு மாதங்களில் மூன்று முறை அங்கே போய், மூன்று சுங்கான்களை வாங்கி, அவற்றில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்து, கண்ணாடி அலமாரியில் இருக்கும் அறுபதுக்கு மேற்பட்டவற்றில் பாதியையாவது கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். குறை ஒன்றையும் சொல்ல வேண்டியிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. பழைய சுங்கான் வாங்க நினைப்பவர்கள் அங்கே தாராளமாகப் போகலாம் என்பது என் கருத்து. ஆனால் அங்கே விலைச்சீட்டு மெருகைப் பார்த்து எழுதப்படுகிறது. மரத்தையும், அதில் தயாரிப்பாளர் பொறித்த முத்திரையையும் பார்த்து எழுதப்படுவதில்லை. இதைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு நல்ல சரக்கு மலிவாகக் கிடைக்கும். தெரியாமல் போகிறவர் பளபளப்புக்கே பணம் கொடுத்துவிட்டு வருவார்.

‘எஸ்டேட் பைப்’ என்ற சொல் நம் மக்களுக்குத் தோட்டத்தையும் துரையையும் நினைவூட்டும். என் தாத்தா கெடாவில் ரப்பர் தோட்டமொன்றில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவர். ஊர் திரும்பிய துரை ஒருவர் மேசையில் விட்டுப்போன சுங்கான் எங்கள் வீட்டு இழுப்பறையில் பல ஆண்டுகள் கிடந்தது. இந்தப் பொருளின் மேல் எனக்குப் பற்று வந்தது அதனால்தான். வணிகத்தில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. ஒருவர் காலமானபின் எஞ்சி நிற்கும் உடைமைக்கு ஆங்கிலத்தில் எஸ்டேட் என்று பெயர். அப்படிக் கைமாறி வருவதும், முன்பு ஒருவர் புகைத்ததுமான சுங்கான்கள் எல்லாவற்றையும் இன்று எஸ்டேட் பைப் என்றே அழைக்கிறார்கள். நான் புகைப்பவன் அல்லன், சேகரிப்பவன் மட்டுமே. கடையிலும் புகையிலை விற்பதில்லை.

விலை எப்படித் தவறாகப் போகிறது என்பதற்கு அலமாரியின் மேல்தட்டில் அருகருகே இருந்த, டன்ஹில் என்ற ஆங்கில நிறுவனத்தின் இரண்டு சுங்கான்களே போதுமான சான்று. முதலாவது, செம்பழுப்பு நிறத்தில் வழவழப்பாக இருக்கும் ‘புருயேர்’ வகை. விலை 1,650 ரிங்கிட். இரண்டாவது, மேற்பரப்பு முழுவதும் சொரசொரப்பாகக் கறுத்திருக்கும் ‘ஷெல்’ வகை. விலை 1,200 ரிங்கிட். விளக்கொளியில் முதலாவது கண்ணைப் பறிக்கிறது. கையில் எடுத்து, புகையிலை இடும் கிண்ணத்திலிருந்து நீளும் தண்டின் பக்கவாட்டைப் பூதக்கண்ணாடியால் பார்த்தபோது, டன்ஹில் என்ற பெயரின் நடு எழுத்துகள் மட்டுமே தெரிந்தன. முதலும் கடைசியும் கரைந்துபோயிருந்தன. கிண்ணத்தின் மேல்விளிம்பு கூர்மையாக நிற்க வேண்டிய இடத்தில் சோப்புக் கட்டி தேய்ந்ததுபோல் உருண்டிருந்தது. தண்டும் வாய்க்குழலும் சேரும் இடத்தில் விரலை ஓட்டினால் சிறு பள்ளம் தட்டுப்பட்டது. சுழலும் துணிச்சக்கரத்தில் வைத்து அளவுக்கு மீறி மெருகேற்றியதன் அடையாளங்கள் இவை. மெருகு வேலை கூடியதால் விலையும் கூடியது. சேகரிப்பவன் பார்வையில் அதே வேலைதான் அந்தப் பொருளின் மதிப்பைக் குறைத்துவிட்டது.

ஷெல் வகையின் கதை வேறு. 1917ஆம் ஆண்டளவில் டன்ஹில் நிறுவனம் கொண்டுவந்த செய்முறை அது: சுங்கான் செய்யப் பயன்படும் பிரையர் என்ற செடியின் வேர்க்கட்டை மேல் மணலை வேகமாக வீசினால் மென்மையான பகுதிகள் அரிபட்டுப் போய், கடினமான ரேகைகள் மட்டும் வரப்பு வரப்பாக நிற்கும். இப்படி மேடுபள்ளமாக இருப்பதைச் சக்கரத்தில் பிடித்து மழமழப்பாக்க முடியாது என்பதால், கடைக்காரரின் கை அதன் மேல் அதிகம் படவில்லை. தண்டின் அடிப்பக்கத்தில் முத்திரைக்காகவே வழவழப்பாக விடப்பட்ட சிறு பட்டையில் எல்லா எழுத்தும் தெளிவாக இருந்தன. வட்டத்துக்குள் 4 என்ற எண் அதன் பருமனைக் குறிக்கிறது. அடுத்துள்ள எஸ் என்ற எழுத்து ஷெல் வகை என்பதைக் குறிக்கிறது. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்பதன் முடிவில் சின்னதாக 11 என்று இருந்தது. அந்த எண்ணோடு 1960ஐக் கூட்டினால் 1971 என்று செய்த ஆண்டு கிடைத்துவிடும். மாதிரி, பருமன், ஆண்டு மூன்றும் மரத்திலேயே எழுதப்பட்டிருக்கும் ஒரு பொருள், அவை அழிந்துபோன பொருளைவிட 450 ரிங்கிட் குறைவாக விற்கப்படுவது எந்தக் கணக்கிலும் சேராது. டன்ஹிலின் அடையாளமாக வாய்க்குழலில் இருக்கும் வெள்ளைப் புள்ளியை மட்டும் நம்பி விலை கொடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: எந்த வாய்க்குழலிலும் துளையிட்டு ஒரு வெள்ளைப் புள்ளியைப் பதித்துவிட முடியும். தண்டில் உள்ள முத்திரையைப் படித்த பிறகே புள்ளியைப் பார்க்க வேண்டும்.

பீட்டர்சன் சுங்கான்கள் நடுத்தட்டில் ஏழெட்டு இருந்தன. டப்ளின் நகரத்து நிறுவனமான இது 1890இல் காப்புரிமை பெற்ற ‘சிஸ்டம்’ அமைப்புக்குப் பெயர் பெற்றது. தண்டின் உள்ளே சிறு குழி இருக்கும். புகையோடு வரும் ஈரம் அங்கே தங்கிவிடும். வாய்க்குழலின் துளை நுனியில் இல்லாமல் மேற்பக்கத்தில் இருப்பதால், புகை நாக்கைச் சுடாமல் அண்ணத்தை நோக்கிப் போகும். நிக்கல் பூண் போட்டதற்கு 380 ரிங்கிட், வெள்ளிப் பூண் போட்டதற்கு 620 ரிங்கிட் என்று எழுதியிருந்தார்கள். வெள்ளிப் பூணில் டப்ளின் தர முத்திரைகளான யாழும், அயர்லாந்தைப் பெண்ணாக உருவகித்த ஹிபர்னியா உருவமும், ஆண்டெழுத்தும் இருக்கும். ஆண்டெழுத்து தெரிந்தால் 620 நியாயமான விலை. இங்கேயும் பழைய தவறுதான்: ஆண்டெழுத்து துலக்கித் துலக்கியே மறைந்துவிட்டது. அதனால் நிக்கல் பூண் போட்டதையே வாங்கினேன். ‘ரிபப்ளிக் ஆஃப் அயர்லாந்து’ என்று தண்டில் பொறித்திருப்பதால் அது 1940களின் இறுதிக்குப் பிந்தையது. கிண்ணம் சுத்தமாக இருந்தது. ஆனால் அந்த உட்குழியில் பஞ்சு சுற்றிய கம்பியை விட்டுத் திருப்பியபோது, தார்போல் கெட்டியான அழுக்கு வெளியே வந்தது. வெளிப்புறத்துக்குச் செலவிடும் நேரத்தில் கால்பங்கை உட்புறத்துக்குச் செலவிட்டால் இந்தக் கடையின் தரம் எங்கோ போய்விடும்.

இந்தக் கடையில் உண்மையான ஆதாயம் கீழ்த்தட்டில் உள்ள பிரம்புத் தட்டில் இருக்கிறது. இன்னும் சுத்தம் செய்யாத, தூசி படிந்த, வாய்க்குழல் பச்சையும் பழுப்புமாக நிறம் மாறிய சுங்கான்களை அதில் குவித்து, 80 முதல் 180 ரிங்கிட் வரை விலை போட்டிருக்கிறார்கள். பித்தளை வில்லை பதித்த, ஜிபிடி என்ற நிறுவனத்தின் சுங்கான் ஒன்றும், பெயர் தெரியாத பிரெஞ்சுச் சுங்கான்கள் நாலைந்தும், அவற்றின் அடியில் கொமோய்ஸ் என்ற லண்டன் நிறுவனத்தின் சுங்கான் ஒன்றும் கிடந்தன. கொமோய்ஸின் வாய்க்குழலில் உள்ள ஆங்கில ‘சி’ எழுத்தை ஒளியில் சாய்த்துப் பார்த்தேன். பிற்காலத்துச் சரக்கில் அந்த எழுத்தை வெறுமனே பொறித்துவிடுவார்கள். பழையவற்றில் முதலில் ஒரு வெள்ளை வட்டத்தைப் பதித்து, அதன் நடுவில் கறுப்புத் துண்டொன்றை இறக்கி, பிறகு பக்கத்தில் இன்னொரு சிறு கறுப்புத் துண்டை இறக்கி எழுத்தின் வாயைத் திறந்திருப்பார்கள். மூன்று துண்டுகளின் விளிம்பும் எனக்குத் தெரிந்தன. தண்டில் ‘மேட் இன் லண்டன்’ என்ற சொற்கள் வட்டமாக, ஓர் எழுத்தும் அழியாமல் இருந்தன. விலை 160 ரிங்கிட். கிண்ணத்தில் படிந்திருந்த கரி நாணயத்தின் கனத்துக்கும் கூடுதலாக இருந்தது உண்மைதான். அதை அப்படியே விட்டால் சூட்டில் விரிந்து கிண்ணத்தையே பிளந்துவிடும். மெதுவாகச் சுரண்டி எடுத்தபின் உட்சுவர் கெட்டியாக, தீய்ந்த இடம் எதுவுமின்றி இருந்தது. இதே தரத்தில் ஒன்றை லோரோங் கூலிட் காலைச் சந்தையிலோ, பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ இதுவரை நான் பார்த்ததில்லை. அங்கே இன்னும் மலிவாகக் கிடைக்கும் என்றாலும், பெரும்பாலானவை மரத்தின் ஓட்டையை மக்கு வைத்து அடைத்துச் சாயம் பூசியவை.

இனி அந்தக் குறை. முதல் முறை போனபோது, தண்டில் மெல்லிய வெள்ளிப் பூண் போட்ட வளைந்த சுங்கான் ஒன்றை 280 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். வீட்டில் துணியால் துடைக்கும்போது பூண் சற்று நகர்ந்தது; அதன் அடியில் வாய்க்குழல் செருகும் துளையிலிருந்து தண்டின் நீளவாக்கில் தலைமயிர் அளவு விரிசல் ஓடியது. உலக்கைக்குப் பூண் போடுவது பிளக்காமல் இருக்க. இங்கே பிளந்ததை மறைக்கப் போட்டிருந்தார்கள். பூண் போட்டுப் பழுதுபார்ப்பது இந்தத் தொழிலில் ஒப்புக்கொள்ளப்பட்ட முறைதான், விரிசலை அது இறுக்கிப் பிடிக்கவும் செய்யும். ஆனால் அப்படிச் செய்ததை வாங்குபவரிடம் சொல்லாமல் விட்டது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. மறுவாரமே எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “எனக்கு வந்தபோதே இந்தப் பூண் இருந்துச்சு தம்பி, நானும் கழற்றிப் பாக்கலே,” என்றார். “சீட்டுல எழுதியிருந்தா நான் வேற விலை கேட்டிருப்பேன், பாய்,” என்றேன். அவர் மறுபேச்சின்றி முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். அந்த நேர்மையால்தான் மீண்டும் அங்கே போனேன். மூன்றாம் முறை போனபோது அதே சுங்கான் 120 ரிங்கிட் சீட்டோடு தட்டில் இருந்தது. விரிசல் பற்றிச் சீட்டில் ஒரு வரியும் இருந்தது.

துருக்கி நாட்டு எஸ்கிஷெஹிர் வட்டாரத்து மீர்ஷாம் என்ற வெள்ளைக் கல்லில் செதுக்கிய சுங்கான்களும் இரண்டு உண்டு. தாடி வைத்த முகம் செதுக்கியது 250 ரிங்கிட். நிறம் சீராகத் தேன் வண்ணத்துக்கு வந்திருக்கிறது. அந்தத் துறை எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை என்பதால் இதற்கு மேல் சொல்ல விரும்பவில்லை.

கடைக்காரரிடம் நேரிலேயே சொல்லிவிட்டு வந்த ஒன்றை இங்கேயும் எழுதுகிறேன். அலமாரி வாசலைப் பார்த்து நிற்கிறது. மாலை வெயில் நேராக அதன் மேல் விழுகிறது. பழைய வாய்க்குழல்கள் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்து இறுக்கிய எபோனைட்டால் ஆனவை. வெயில் பட்டால் கந்தகம் மேலே வந்து, கறுப்பு நிறம் மங்கிப் பச்சைப் பழுப்பாகும், கசப்பும் நாற்றமும் சேரும். அதைப் போக்க மறுபடியும் சக்கரம், மறுபடியும் தேய்மானம். கடையில் அழியும் முத்திரைகளுக்குப் பாதிக் காரணம் அந்த வெயில்தான். பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்களின் பிள்ளைகள் நாம். ரப்பரால் ஆன ஒரு பொருள் கவனிப்பின்றி வெயிலில் கிடந்து வீணாவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. வாங்கியவர்களும் வீட்டில் வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் மூடிய பெட்டிக்குள் வைத்தால் கிண்ணத்தில் பூஞ்சை பிடிக்கும்.

போகிறவர்கள் ஒரு சிறு கைவிளக்கும் பூதக்கண்ணாடியும் பஞ்சுக் கம்பியும் எடுத்துப் போகலாம்; பயன்படுத்திப் பார்க்க அவர் தடை சொல்வதில்லை. கம்பி வாய்க்குழலிலிருந்து கிண்ணத்தின் அடிவரை தடங்கலின்றிப் போய், துளை கிண்ணத்தின் தரைமட்டத்தில் திறக்கிறதா என்று பாருங்கள். பூண் இருந்தால், அது தயாரிப்பாளர் போட்டதா பிறகு போட்டதா என்று வாய்விட்டே கேளுங்கள். மேல்தட்டுச் சரக்கில் பத்து விழுக்காடு வரை குறைக்கிறார், பிரம்புத் தட்டில் பேரம் இல்லை. 1971ஆம் ஆண்டு ஷெல் நான் கடைசியாகப் பார்த்தபோது அங்கேயே இருந்தது. 1,100க்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், மாதக் கடைசிவரை எனக்காக எடுத்து வைப்பதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் தொழுகைக்காகப் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை கடை பூட்டியிருக்கும்.