தங்கல்: தோற்ற ஆட்டத்தில் தொடங்கும் தன்னம்பிக்கை

விளையாட்டுப் படங்களில் தன்னம்பிக்கை பெரும்பாலும் ஒரே காட்சியில் வந்துவிடும். பயிற்சியாளர் உணர்ச்சி பொங்கப் பேசுவார், பின்னணி இசை ஏறும், துவண்டு கிடந்த அணி எழுந்து ஜெயித்துவிடும். அப்பா ஒருவர் தன் மகள்களை மல்யுத்த வீராங்கனைகளாக்கும் உண்மைக் கதையைத் தழுவி நிதேஷ் திவாரி இயக்கிய ‘தங்கல்’ (2016) என்ற இந்திப் படம் அந்தப் பக்கம் போகவில்லை. 161 நிமிடப் படத்தில் அந்த அப்பா மகாவீராக வரும் ஆமிர் கான் மகள்களைப் புகழ்வதைவிட அவர்களிடம் வேலை வாங்குவதுதான் அதிகம். பயிற்சியாளர்களும், பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோரும் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டிய படம் இது.

முதலில் கவனிக்க வேண்டியது எதிராளிகளின் வரிசை. மூத்த மகள் கீதா முதலில் மோதுவது உறவுக்காரப் பையன் ஓம்காருடன். அவனைச் சமாளிக்கப் பழகிய பிறகே ஊர் மல்யுத்தக் களம். அதன்பின் சிறார் தேசியப் போட்டி, சீனியர், கடைசியில் சர்வதேசம். எந்தப் படியிலும் எட்டாத உயரம் இல்லை. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் ‘என்னால் இதைச் செய்ய முடியும்’ என்ற நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, நம்பகமானவரின் சொல், உடல் காட்டும் அறிகுறி. முதலாவதுதான் வலுவானது. படமும் அதிக நேரத்தை அதற்கே கொடுக்கிறது. தங்கை பபிதாவுக்கு இரண்டாவது ஊற்றும் கிடைக்கிறது. அக்கா செய்வதைத் தினமும் பார்த்துக்கொண்டே வளர்கிறாள்.

முதல் களத்தில் கீதா தோற்கிறாள். எதிரே நின்ற பையன்களில் வலுவானவனை அவளே தேர்ந்தெடுத்து, கடைசிவரை மல்லுக்கட்டித் தோற்கிறாள். சிரிக்க வந்த கூட்டம் கைதட்டுகிறது. அன்று இரவு தூக்கம் வராமல் அப்பாவிடம் அவள் கேட்பது, அடுத்த தங்கல் (மல்யுத்தப் போட்டி) எப்போது என்பதுதான். படத்தின் மிகச் சிறந்த காட்சி என்றால் இதையே சொல்வேன். தோல்விக்குள்ளேயே அவளுக்குச் சான்று கிடைத்துவிட்டது: அவனைத் தூக்க முடிந்தது, பிடியிலிருந்து நழுவ முடிந்தது. பயிற்சியில் இதைச் செய்துகாட்டுவது எளிது. தோற்றுவந்த பிள்ளையிடம் முடிவைப் பேசும் முன், எத்தனை முறை காலுக்குப் பாய்ந்தாள், அதில் எத்தனை முறை பிடி சிக்கியது, எத்தனை பிடியை உடைத்தாள் என்று எண்ணிச் சொல்ல வேண்டும். “நல்லா ஆடினாய்” என்ற பொத்தாம்பொதுவான பாராட்டை அவள் நம்ப மாட்டாள், எண்ணிக்கையை நம்புவாள்.

இரண்டாம் பாதியில் பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு அகாடமிக்குப் போன பின் அவள் சர்வதேசப் போட்டிகளில் தொடர்ந்து தோற்கிறாள். படம் இதை நீண்ட முடி, நகப்பூச்சு, கவனச்சிதறல் என்று காட்டுவது மேலோட்டமான விளக்கம். உண்மையான காரணமும் படத்திலேயே இருக்கிறது. சிறுவயது முதல் பாய்ந்து தாக்கிப் பழகியவளைத் தற்காத்து ஆடச் சொல்கிறார்கள். பழைய பழக்கம் உடம்பில் ஊறியிருக்கிறது. புதியது இன்னும் தலையில்தான் இருக்கிறது. எதிராளி தோளைத் தாழ்த்தும் அந்தக் கணத்தில் ‘பாயவா, காத்திருக்கவா’ என்று மனம் கேட்கிறது. அந்த அரை நொடியில் கால் எதிராளியின் கைக்குப் போய்விடும். இப்படி நான்கைந்து ஆட்டம் போனால் திறமை அப்படியே இருக்கும், நம்பிக்கை மட்டும் கரைந்துவிடும். பாணியை மாற்ற வேண்டுமென்றால் பெரிய போட்டி இல்லாத மாதங்களில், ஒரு நேரத்தில் ஒரு நுட்பம், முதலில் தன்னைவிட எளிய எதிராளியிடம் என்றுதான் மாற்ற வேண்டும்.

மகாவீர் இதைச் சரிசெய்யும் விதம் நேர்த்தியானது. தோற்ற ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்து, எந்த இடத்தில் தவறினாள் என்று தொலைபேசியில் சொல்கிறார். ஒரு குறை உண்டு: தவறுகளை மட்டுமே காட்டினால், போட்டியன்று நினைவுக்கு வருவதும் தவறுகளாகவே இருக்கும். அதே எதிராளியிடம் புள்ளி எடுத்த துண்டுகளையும் சேர்த்து, அவற்றைக் கடைசியாகப் போட்டுக்காட்ட வேண்டும்.

2010 டெல்லி காமன்வெல்த் போட்டியின் 55 கிலோ இறுதி ஆட்டத்தில் படம் நிறையக் கற்பனை கலக்கிறது. உண்மையில் கீதா போகாட் ஆஸ்திரேலியாவின் எமிலி பென்ஸ்டெட்டை நேர் சுற்றுகளில் 1-0, 7-0 என்று வென்றார். கடைசி நொடி ஐந்து புள்ளித் தூக்கும், பயிற்சியாளரின் சூழ்ச்சியால் அறைக்குள் அடைபட்ட அப்பாவும் திரைக்கதையின் சேர்க்கை. சூழ்ச்சி செய்யும் பயிற்சியாளர் பாத்திரம் படத்தின் பலவீனம்; வெளியிலிருந்து வரும் எந்த அறிவுரையும் தீங்கு என்ற எண்ணத்தை அது விதைக்கிறது. ஆனால் அப்பாவின் குரல் கேட்காத அந்தச் சுற்று பயனுள்ள காட்சி. ஓரத்திலிருந்து வரும் சத்தத்தை நம்பியே ஆடிப் பழகியவர், அது நின்றதும் தடுமாறுவார். வாரத்தில் ஒரு பயிற்சி ஆட்டமாவது ஓரத்தில் யாரும் வாய் திறக்காமல் நடக்கட்டும். முடிந்த பிறகு என்ன நடந்தது என்று ஆடியவரே முதலில் சொல்லட்டும்.

மகாவீர் மகள்களை விடியற்காலையில் ஓட வைத்ததையும், விருப்பம் கேட்காமல் அவர்கள் முடியை வெட்டியதையும் அப்படியே பின்பற்ற நினைப்பவர்கள் ஒன்றைப் பார்க்கத் தவறுகிறார்கள். கட்டாயம் இருக்கும்வரை அந்தப் பெண்கள் அலாரத்தின் நேரத்தை மாற்றி வைத்து ஏமாற்றுகிறார்கள். சிறுவயதிலேயே மணமுடிக்கப்படும் தோழி, உங்கள் அப்பா உங்களைப் பற்றி யோசிக்கவாவது செய்கிறாரே என்று சொன்ன மறுநாள்தான், தாங்களாகவே எழுந்து ஓடுகிறார்கள். பயிற்சி பலன் கொடுக்கத் தொடங்குவது அங்கிருந்துதான்.