தேனீப் பெட்டிக்கு அடியில் ஒரு தராசு: இரண்டு புங்கம்பூ சீசனுக்குப் பிறகு

"அந்தத் தேனீத் தராசு விலை குறைஞ்சிருக்கே, வாங்கலாமா?" என்று ஓசூர் நண்பர் கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. போன வாரம்தான் என்னுடையது ரிப்பேர் முடிந்து வந்தது என்பதால் கோபமும் இன்னும் ஆறவில்லை.

பெட்டிக்கு அடியில் தராசு, தேனடைகளுக்கு நடுவே ஒரு வெப்ப சென்சார், போனில் ஆப். பெட்டியின் எடையையும் உள்ளே இருக்கும் சூட்டையும் அளந்து போனுக்கு அனுப்பும், அவ்வளவுதான். என் பெட்டி பெங்களூர் ராமமூர்த்தி நகர் மொட்டை மாடியில் இருக்கிறது. மார்த்தாண்டத்திலிருந்து வந்த நியூட்டன் என்ற சின்ன வகைப் பெட்டி, புழு அறையில் (குஞ்சுகள் வளரும் கீழ் அறை) அடை கட்ட ஏழே சட்டம், குடியிருப்பது நம்ம ஊர் அடுக்குத் தேனீ. இத்தனையும் சொல்லக் காரணம், அந்த ஆப்புக்கு இது எதுவுமே தெரியாது. அது மனதில் வைத்திருப்பது பத்துச் சட்டம் கொண்ட பெரிய பெட்டியில் வாழும் இத்தாலியத் தேனீயை. அதனால் என் கூட்டம் எவ்வளவு செழித்தாலும் 'ஆரோக்கியம்' என்ற கட்டம் சிவப்பாகவேதான் இருக்கும். புழு அறை நிரம்பி, மேலே தேன் அறை வைத்த மாதத்திலும் சிவப்பு.

அதையாவது பார்க்காமல் இருந்துவிடலாம். என்னால் பொறுக்க முடியாதது அது சொல்லும் வாழ்த்து. பெங்களூரில் ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் இடியோடு ஒரு மழை அடிக்குமே, அது வந்தால் பெட்டியின் மரம் தண்ணீர் குடித்துக் கனமாகும். உடனே போனில் மணி: "வாழ்த்துகள்! உங்கள் கூட்டுக்குத் தேன் வருகிறது!" கொட்டுகிற மழையில் எந்தத் தேனீயப்பா வெளியே போய்த் தேன் கொண்டுவந்தது? காலை வெயில் பட்டுத் தராசு சூடானாலும் இதே கூத்துதான். லோடு செல், அதாவது தராசில் எடையை உணரும் பாகம், சூடானால் அளவைக் கொஞ்சம் மாற்றிக் காட்டும் சாமான். அதைக் கணக்கில் சரிசெய்ய வழி உண்டு, இவர்கள் செய்யவில்லை. புகார் எழுதினேன். நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. வாழ்த்தும் வந்துகொண்டே இருக்கிறது. அதை மட்டும் நிறுத்த ஆப்பில் வழியில்லை, நிறுத்தினால் எல்லா எச்சரிக்கையும் சேர்ந்து நின்றுவிடும்.

சரி, நல்லதையும் சொல்லவேண்டும். ஆப்பின் தீர்ப்புகளை ஒதுக்கிவிட்டு வெறும் கோடுகளை மட்டும் பார்த்தால் இது வேறு கருவி. விடிந்து கொஞ்ச நேரத்தில் எடைக்கோடு சட்டென்று சரியும். தேடப் போகும் தேனீக்கள் கிளம்பிவிட்டன என்று அர்த்தம். ஒரு தேனீ பத்தில் ஒரு பங்கு கிராம்கூட இருக்காது, ஆகவே நூறு கிராம் சரிந்தால் ஆயிரத்துக்கு மேல் வெளியே போயிருக்கின்றன. புதுக் கூட்டம் வளர்கிறதா என்பதற்கு எனக்கு இந்தப் பள்ளம்தான் அத்தாட்சி. ராணி இன்று இட்ட முட்டை தேனீயாக ஏறக்குறைய மூன்று வாரம், அது வெளிவேலைக்குப் போக இன்னும் இரண்டு மூன்று வாரம். ஆக, இன்றைய முட்டை பள்ளத்தில் தெரிய ஐந்தாறு வாரமாவது ஆகும். புதிதாக வளர்ப்பவர்களுக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை.

இரவில் நடப்பது இன்னும் அழகு. தேனீக்கள் எல்லாம் வீட்டுக்குள் இருக்கும்போதே எடை குறையும். பகலில் கொண்டுவந்த பூச்சாறு தண்ணீராக இருக்கும், அதை இறக்கையால் விசிறி விசிறிச் சுண்ட வைக்கின்றன. புங்கம்பூ கொட்டிய நாட்களில் அந்த இறக்கம் நன்றாகவே தெரிந்தது. எங்கள் தெருப் புங்கமரங்களுக்குக் கீழே வண்டி நிறுத்துகிறவர்கள் திட்டுவார்கள், நான் மட்டும் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பேன். உண்மையான வரவு வேண்டுமென்றால் சூரியன் வருவதற்கு முன் இருக்கும் எடையை, முந்தைய நாள் அதே நேரத்து எடையோடு ஒப்பிடுங்கள். வெயில் பிழை போய்விடும். மழை நாட்களைக் கழித்துவிடுங்கள்.

வெப்ப சென்சார் மீது எனக்குக் குறையே இல்லை. புழு இருக்கும் நடு அடையைத் தேனீக்கள் 34, 35 டிகிரியில் பிடித்து வைத்திருக்கும். டிசம்பர் இரவில் மாடியில் ஸ்வெட்டர் போட்டு நிற்கிறோம், உள்ளே கோடு அசையாமல் போகிறது. கோடு நேராக இருந்தால் புழு வளர்கிறது, ராணியும் நலம் என்று எடுத்துக்கொள்ளலாம். வெளியே குளிர்ந்தால் அதுவும் இறங்கி, வெயிலில் ஏறினால் பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டும். மற்றபடி திறக்காமல் இருப்பதே நல்லது. பெட்டி கொடுத்த பெரியவர் போனில் முதலில் சொன்னதே அதுதான்: "சும்மா சும்மா தொறக்காத மக்கா, ஓடிரும்." நம் தேனீ தொந்தரவு தாங்காது, ஒரு நாள் மொத்தமாகக் கிளம்பிவிடும்.

ஆனால் கூட்டத்தைக் கொல்லும் விஷயங்களைப் பற்றி இந்தக் கருவி மூச்சுவிடாது. மெழுகு அந்துப்பூச்சி வந்தால் எடையில் தெரியாது. அடிப்பலகையில் தூளும் நூலாம்படையும் கிடக்கும், கண்ணால்தான் பார்க்கவேண்டும். 1991-92இல் தென்னிந்தியாவில் கூட்டம் கூட்டமாக அழித்த தாய்லாந்து சாக் புரூட் என்ற புழு நோய் வைரஸும் அப்படித்தான். புழுக்கள் தண்ணீர்ப் பை மாதிரி ஆகிச் செத்துக் கிடப்பதை எந்தத் தராசு சொல்லும்? வாசலில் பத்து நிமிடம் உட்கார்ந்து, கால்களில் மகரந்த உருண்டையோடு தேனீக்கள் இறங்குகின்றனவா என்று பார்ப்பதற்குக் காசும் கிடையாது.

ரிப்பேர் கதை: மழை ஈரத்தில் லோடு செல் போய்விட்டது. வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள், அதில் நேர்மையாகவே நடந்துகொண்டார்கள். ஆனால் மாற்றிய பிறகு காலித் தராசில் பூஜ்யம் வைக்கவேண்டுமாம். அதாவது, எல்லாத் தேனீயும் அடைந்த பிறகு ராத்திரியில் வாசலைத் துணியால் அடைத்து, உயிருள்ள பெட்டியைத் தூக்கிப் பக்கத்தில் வைத்து, மறுபடி ஏற்றவேண்டும். மழைக்கு நடுவில் மாடியில் நிற்கப்போகும் கருவியை நனையாதபடி செய்யத் தெரியாதவர்கள் வாழ்த்துச் செய்தி மட்டும் எழுதத் தெரிந்திருக்கிறார்கள்.

எனவே நண்பருக்கு: வாங்காதீர்கள், பாதி விலை என்றாலும் வேண்டாம். அந்தக் காசுக்குத் தேனீயோடு இன்னொரு பெட்டி வாங்குங்கள், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி விஷயம் புரியும். அப்புறம், என்னுடையதைக் கொடுத்துவிடுகிறேனா என்றும் கேட்டிருந்தீர்கள். அது முடியாது. நேற்றுத்தான் அடுத்த வருடத்துக்கு ஆப் சந்தா கட்டினேன்.